அகாசியா கேட்ட மாமாவும் ஒன்றரை ஏக்கர் வேலியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 மாசிக் கடைசியில் மாமா போன் செய்தார். "மாப்ளே, வேலி மொத்தமும் படுத்துடுச்சு. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போ."

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி அவருக்கு ஒன்றரை ஏக்கர் தோப்பு. முந்திரியும் பலாவும் கலந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது அங்கிருந்த பழைய மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது நிற்பதெல்லாம் அதற்கப்புறம் வைத்த ஒட்டுக்கன்றுகள். வேலி 2016-ல் போட்டது. சவுக்குக் கட்டை நட்டு நாலு வரிசை முள்கம்பி. மூன்றே வருஷத்தில் ஆடு தாராளமாக உள்ளே வந்து போகிற அளவுக்கு ஆகிவிட்டது.

புதுச்சேரியில் நர்சரி வைத்திருக்கிறேன். தோட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். வேலிக் கேஸ் எனக்குப் புதிதில்லை. போனதும் ஒரு கட்டையைப் பிடித்து அசைத்தேன், கையோடு வந்துவிட்டது. தலைப்பக்கம் அப்படியே கெட்டியாக இருந்தது. மண்ணுக்குள் இருந்த அடிநுனியும் பரவாயில்லை. மண்மட்டத்துக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், அந்த இடம் மட்டும் பென்சில் சீவிய மாதிரி ஒல்லியாகிக் கிடந்தது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான், அதனால் பூஞ்சை முதலில் பிடிப்பதும் அங்கேதான். கரையானும் அதே வழியாகத்தான் ஏறும். வேலிக்கால் என்றால் எப்போதும் அந்த இரண்டு சாணைப் பற்றிய கதைதான்.

"திரும்பச் சவுக்கு வேணாம்" என்றார் மாமா. "அகாசியா நடுவோம். நட்டு வளத்து வெட்டிக்கலாம். அகாசியாக் கால் நட்டா நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

அகாசியா என்றதும் எனக்கு வனத்துறை ரோட்டோரமாக நட்டிருக்கும், காது மாதிரி காய் சுருண்டிருக்கும் ஆஸ்திரேலிய மரம்தான் ஞாபகம் வந்தது. புயலில் முதலில் ஒடிகிற மரம் அது. அதைப் போய் ஏன் கேட்கிறார் என்று குழம்பினேன். அவர் சொன்னது வேறு மரம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

மாமா ஒரு சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம் அவருடையது. தென்மேற்குப் பிரான்ஸில் பல வருஷம் இருந்தார். அங்கே திராட்சைக் கொடியைத் தாங்க நடுகிற கழிகளை 'அகாசியா' என்பார்கள். உண்மையில் அது அகாசியா இல்லை. லின்னேயஸ் 1753-ல் அதற்கு வைத்த பெயரே 'ரொபீனியா சூடோஅகாசியா', அதாவது பொய் அகாசியா. ஆங்கிலத்தில் பிளாக் லோகஸ்ட். பிரெஞ்சுக்காரர்கள் 'பொய்'யை விட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி ஜாடியில் விற்கிற ஐரோப்பிய 'அகாசியா தேன்' பெரும்பாலும் இந்த மரத்துப் பூவின் தேன்தான். அதில் பழச்சர்க்கரை அதிகம் என்பதால் சீக்கிரம் உறையாது.

மரத்தின் சொந்த ஊர் பிரான்ஸும் இல்லை. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளும் ஓசார்க் பகுதியும்தான் அதன் இடம். பிரெஞ்சு மன்னரின் தோட்டக்காரர் ழான் ரோபேன் அதைப் பாரிஸில் வளர்த்தார், அவர் பெயரில்தான் ரொபீனியா. 1601-ல் அவர் நட்டதாகச் சொல்லப்படும் மரம் நோத்ருதாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில், ஒரு சின்னப் பூங்காவில் இன்னும் இருக்கிறது. பாரிஸிலேயே வயசான மரம் என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். மாமா பார்த்திருக்கிறார். "முட்டுக் குடுத்து நிக்க வெச்சிருக்கான். ஆனாலும் வருஷா வருஷம் துளிர்க்குது" என்றார்.

வெறும் பேச்சை நான் நம்பமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். முத்தியால்பேட்டை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு முழ நீளம். நண்பர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் மண்ணில் நின்ற கழியின் அடித்துண்டு. எப்போதோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, கதவுக்கு அண்டக் கொடுக்க வைத்திருந்தார்.

அந்தத் துண்டை வைத்துத்தான் இந்த ஆய்வே தொடங்கியது.

முதலில் அது உண்மையிலேயே ரொபீனியாதானா என்று தெரிய வேண்டும். இந்த மரத்தின் வயிரத்துக்கு, அதாவது கெட்டியான உள்கட்டைக்கு, ஒரு குணம் உண்டு. புற ஊதா விளக்கில் பிடித்தால் பளிச்சென்று மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். அந்த விளக்குக்கு எங்கே போவது? மளிகைக்கடையில் கள்ளநோட்டு பார்க்க ஒரு சின்ன நீல விளக்கு வைத்திருப்பார்களே, அது போதும். கட்டையின் முனையை ரம்பத்தால் புதிதாக அறுத்து, தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளக்கின் கீழே பிடித்தார். நோட்டை வைக்கிற இடத்தில் எலுமிச்சம்பழ நிறத்தில் கட்டை ஜொலித்தது. ஓரத்தில் விரல்கனம்கூட இல்லாத வெளிவளையம் மட்டும் மங்கலாக இருந்தது. கடைக்காரர், "இதை வெச்சு என்னா பண்ணப்போறீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

அந்த மங்கலான வளையம்தான் வெளுப்பு, அதாவது வயிரம் பாயாத வெளிப்பகுதி. ரொபீனியாவில் அது சில ஆண்டு வளையங்களோடு நின்றுவிடும். மரம் இளசாக இருக்கும்போதே உள்ளே வயிரம் பாயத் தொடங்கிவிடும். இதுதான் அதன் பெரிய பலம். தேக்கில் வயிரம் கிடைக்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும், கைத்தடிமன் தேக்குக் கழியில் பெரும்பகுதி வெளுப்புதான். ரொபீனியாவில் சின்னக் கழியே வேலிக்கு ஆகும்.

அப்புறம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு வேலை செய்து தரும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். கட்டையைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், இழைப்புளி போட்டார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தி உளியைத் தீட்டிக்கொண்டார். "வண்டிச்சக்கரத்துக்குப் போடுற கருவேலங்கட்டை மாதிரி இருக்கு. நிறம்தான் வேற. ஆணி நேரா இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்கணும்." சரியாகத்தான் சொன்னார். ஓர் இரும்புக் குண்டைக் கட்டைக்குள் பாதி அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது ஜான்கா கடினத்தன்மைக் கணக்கு. அதில் ரொபீனியா 1,700 பவுண்டு விசை, தேக்கு ஆயிரத்தைத் தாண்டிக் கொஞ்சம். எடை கன மீட்டருக்குச் சுமார் 770 கிலோ. வாளித் தண்ணீரில் போட்டபோது முக்கால்வாசி முழுகி மிதந்தது.

ஆனால் கனமாக இருப்பதாலோ கெட்டியாக இருப்பதாலோ மண்ணில் நிற்கிறது என்று நினைத்தால் தப்பு. சவுக்கு இதைவிடக் கனம், அது மூன்று வருஷம் தாங்கவில்லை. ரொபீனியாவின் ரகசியம் வயிரத்துக்குள் இருக்கும் ரசாயனத்தில் இருக்கிறது. டைஹைட்ரோரொபினெட்டின் என்ற ஒரு பொருள் பூஞ்சைக்கு ஆகாது. நீர்க்குழாய்களும் உள்ளே அடைபட்டுவிடுவதால் ஈரம் எளிதில் புகாது. ஐரோப்பாவில் குழந்தைகள் விளையாடும் பூங்காக்களில் மருந்தடிக்காத ரொபீனியாக் கட்டைகளை அப்படியே மண்ணில் நட்டு ஊஞ்சல் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் வேலிக்கால் என்றாலே பழைய ஆட்கள் இதைத்தான் சொல்வார்கள். ஹங்கேரியில் காட்டுப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மரம். விறகு, கட்டை, தேன் என்று மூன்று வருமானம்.

இவ்வளவையும் மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது என் தப்பு. "அப்போ நட்டுடலாம்" என்றார்.

விதை விஷயத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். பிரான்ஸிலிருந்து சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவர முடியாது. தேவையும் இல்லை. இமயமலைப் பக்கம், இமாச்சலிலும் உத்தராகண்டிலும் காஷ்மீரிலும், மண்ணரிப்பைத் தடுக்கவும் விறகுக்கும் இதை நட்டு வளர்க்கிறார்கள். அங்கிருந்து ஒரு விதை வியாபாரி தபாலில் அனுப்பினார்.

விதை கொள்ளு அளவுதான் இருக்கும், கரும்பழுப்பு. தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பாதி உப்பும். உப்பாததற்கு மறுபடி வெந்நீர். ஆவணியில் நாற்பது விதை போட்டோம், இருபத்தி மூன்று முளைத்தது. நர்சரியில் வேலை செய்யும் பெண்களுக்கு அது என்ன செடி என்று புரியவில்லை. இலை அசல் அகத்தி மாதிரியே இருக்கும், ராத்திரியில் தொங்கிவிடும். ஒருநாள் அத்தை நர்சரிக்கு வந்தபோது, "அகத்திக்கீரை நல்லா இளசா இருக்கே" என்று முறத்தை எடுத்துவிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். இந்த மரத்தில் பூவைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே விஷம். பட்டையைக் கடித்த குதிரைகள் நோய்ப்பட்டு விழுந்ததாக மேல்நாட்டுக் கால்நடை மருத்துவத்தில் பதிவே உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காம்பு அடியில் இரண்டு பக்கமும் ஜோடியாக முள் இருக்கும், அகத்தியில் முள் கிடையாது. அன்றைக்கே கன்றுகளை வலைக்குள் பூட்டி வைத்தேன்.

பூவைச் சாப்பிடலாம் என்பதில் மாமாவுக்கு ஒரு தனிக் கதை. மே மாதத்தில் வெள்ளைப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்குமாம். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவித் தின்பார்களாம். அத்தை கேட்டுவிட்டு, "அகத்திப்பூ பஜ்ஜியத்தான் சுத்தி வளைச்சுச் சொல்றீங்க" என்றார்.

கன்றுகளில் தேறிய பதினான்கை 2020 தையில் தோப்பின் வடக்கு ஓரத்தில் வைத்தோம். சித்திரை வரை நன்றாக வந்தது. முழங்கால் உயரம். கத்திரி வெயிலில் இலையைக் கொட்டியது. சொட்டுநீர் போட்டிருந்ததால் ஆடியில் மறுபடி துளிர்த்தது, ஆனால் துளிர் சிறுத்திருந்தது. நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. காற்றால் பெரிய சேதமில்லை. மழைதான் வினை. அந்தப் பக்கம் மேலே செம்மண் பொலபொலவென்று இருக்கும், மூன்றடிக்குக் கீழே களிப்படலம். தண்ணீர் நாலைந்து நாள் இறங்காமல் நின்றது. பொங்கலுக்குப் போனபோது ஒன்றைத் தவிர எல்லாம் காய்ந்திருந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் உருவிக்கொண்டு வந்தது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் இலையைக் கொட்டி உறங்கிப் பழகிய மரம், வடிகால் நன்றாக இருக்கும் மலைச்சரிவில் வளர்ந்த மரம். அதைக் கொண்டுவந்து கத்திரி வெயிலிலும் ஐப்பசித் தண்ணீரிலும் நிறுத்தினோம். தெரிந்தே செய்தேன். மாமா தன் கண்ணால் பார்த்தால்தான் விடுவார் என்பதற்காக ஒன்றரை வருஷம் செலவானது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவேளை நன்றாக வளர்ந்திருந்தால் அதுவும் கவலைதான். வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பரவும் மரம் இது. சொந்த ஊரைத் தாண்டிப் போன பல நாடுகளில் புல்வெளியை மூடிவிட்டது என்று புலம்புகிறார்கள். விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும் என்று சொல்லிக் கொண்டுவந்த சீமைக்கருவேலத்தோடு நாம் படுகிற பாடு போதும்.

பொங்கலன்று களத்தில் உட்கார்ந்து பேசினோம். மாமாவுக்கு ரொபீனியாதான் வேண்டுமா, இல்லை ரொபீனியா செய்கிற வேலைதான் வேண்டுமா என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். மண்ணில் உளுக்காத கால். மண்ணுக்குச் சத்து. பூவும் தேனீயும், பக்கத்தில் முந்திரி இருப்பதால். முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லையில் ஒரு நிழல் மரம். இவ்வளவையும் ஒரே மரத்திடம் கேட்டால்தான் அப்பலாச்சிய மலைக்குப் போக வேண்டியிருக்கும்.

கொல்லைக்குப் புங்கன் கன்று ஒன்று வைத்துக் கொடுத்தேன், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வேலிக்கு நான் சொன்னது கிளைரிசிடியா, தழை உரத்துக்காக வரப்பில் வளர்க்கிற மரம்.

"தழை வெட்டுவோமே, அந்தக் குச்சியா?" என்றார். குரலிலேயே மரியாதை இல்லை. ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா என்று கேட்கிற தொனி.

அந்தக் குச்சிக்கு ஒரு பழைய பெயர் உண்டு என்று சொன்னேன். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மரத்துக்கு ஜாக்வின் என்ற தாவரவியலார் 1760-ல் வைத்த பெயர் 'ரொபீனியா சேப்பியம்'. சேப்பியம் என்றால் லத்தீனில் வேலிக்குரியது. பிற்பாடு தனிப் பேரினமாகப் பிரித்து கிளைரிசிடியா ஆக்கினார்கள், 'சேப்பியம்' மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் பயறுக் குடும்பத்துக்குள் இரண்டும் ஒரே கிளையில்தான் வைக்கப்படுகின்றன. ஆக மாமா கேட்ட மரத்துக்குப் பங்காளி முறை. கிளைரிசிடியா என்ற சொல்லுக்கு எலிக்கொல்லி என்று அர்த்தம். இலையிலுள்ள கூமரின் என்ற பொருள், இலை அழுகும்போது ரத்தத்தை உறையவிடாத பொருளாக மாறும், தானியத்தோடு அரைத்து எலிக்கு வைப்பார்கள். வாழும் ஊர்தான் வேறு: இது வெயில்காட்டு மரம்.

உளுக்குமா என்பதுதான் மாமாவின் கேள்வி. வெட்டி நட்ட கட்டைதானே உளுக்கும். இந்தக் கழி மண்ணுக்குள் போனதும் வேர்விட்டு மரமாகிவிடுகிறது. அந்த இரண்டு சாணில் பூஞ்சை பிடிக்கவேண்டிய இடத்தில் உயிருள்ள பட்டை இருக்கிறது. ரொபீனியா மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு செய்வதை இது உயிரோடு இருந்தே செய்கிறது. நமக்கு இது புதிதும் இல்லை. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி ஏறுவது அகத்தி மேலேதானே, யாராவது செத்த கம்பை நட்டா கொடி ஏற்றுகிறார்கள்? கிளுவை வேலி போடாத ஊர் உண்டா? ஆனால் அகத்தி சீக்கிரம் ஆயுசு முடிந்துவிடும், காற்றுக்கு ஒடியும். கிளுவை மெதுவாக வளரும், தழையும் அவ்வளவு வராது. அதனால்தான் இது.

வேலிச் சுற்றளவு ஏறக்குறைய 1,020 அடி. மூன்றடிக்கு ஒரு கழி என்றால் 340 கழி. மூலைக்கும் கேட்டுக்கும், நடுவில் முப்பது அடிக்கு ஒன்றாகவும் கல்கால். கம்பியை முறுக்கி இழுக்கிற இழுப்பை இளங்கழி தாங்காது என்பதால் அதில் சமரசமே கூடாது என்று சொன்னேன். மாமாவுக்கு அந்தச் செலவுதான் வலித்தது.

முதல் தடவை சொதப்பினோம். 2021 ஆனியில், ஆள் கிடைத்தது என்று அவசரப்பட்டு 120 கழி நட்டோம். சொட்டுநீர் இருக்கிறதே என்ற தைரியம். ஆவணிக்குள் பாதியைக் கரையான் பட்டையோடு தின்றுவிட்டது. மிச்சம் துளிர்த்துத் துளிர்த்துக் கருகியது. வேர் இல்லாமலே தண்டுக்குள் இருக்கும் சத்தை வைத்து ஒரு துளிர் விடும். அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது என்று ஏமாந்துவிடக் கூடாது. ஒன்றரை மாதம் கழித்து மெல்ல அசைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு கூத்து வேறு. பிடுங்கிப் பார்த்தபோது பதினேழு கழி தலைகீழாக நட்டிருந்தது. தண்ணீர் தேங்காமல் இருக்கத் தலைப்பக்கமும் சாய்வாக வெட்டு என்று நான்தான் சொல்லியிருந்தேன். அடியிலும் சாய்வு, தலையிலும் சாய்வு. வெட்டிக் கட்டுக்கட்டி வண்டியில் ஏற்றி இறக்கிய பிறகு எது அடி எது தலை என்று நட்ட ஆளுக்கு எப்படித் தெரியும்? கணுவைப் பார்த்தால் தெரியும்தான், 120 கழிக்கும் யார் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மறுபடி. இந்தத் தடவை இரண்டு நல்ல மழை விழுந்து மண் ஓரடிக்கு நனைந்த பிறகுதான் தொடங்கினோம். கழிகள் சிதம்பரம் ரோட்டில் ஒரு நண்பரின் வரப்பில் நின்ற மரங்களிலிருந்து வந்தவை. பச்சைக் கொம்பு வேண்டாம் என்றேன். மேல்தோல் சாம்பல் நிறமாகி, வெள்ளைப் புள்ளி விழுந்து, மணிக்கட்டுத் தடிமன் வந்த கழிகள் மட்டும். ஐந்தடி நீளம். அடியைச் சாய்வாக, தலையைச் சமமாக வெட்டி, தலையில் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினோம். சாணி பூசினது மேலே என்றால் யாரும் தப்புச் செய்ய முடியாது. வெட்டியதும் நடாமல் நாலு நாள் நிழலில் நிறுத்தி வைத்தோம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையில் மூன்று கீறல். ஒன்றேகால் அடிக் குழி கடப்பாரையால் போட்டு, கழியை இறக்கி, சுற்றி மிதித்துவிட வேண்டும். கழியையே சம்மட்டியால் அடித்து இறக்கினால் தலை பிளக்கும், பட்டை உரியும்.

அந்த நவம்பர் மழை கொட்டிய மழை என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கிளைரிசிடியாவுக்கு அது பிடித்துப்போனது. தாழ்வான வடக்கு ஓரத்தில் மட்டும் முப்பது சொச்சம் கழி அழுகியது. அங்கே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டு அடுத்த வருஷம் நிரப்பினோம்.

கம்பி கட்ட மாமா தையிலிருந்தே அவசரப்படுத்தினார். பத்து மாதம் நான் விடவில்லை. ஆட்டுக்குப் பயந்து அதுவரை பழைய முள்படல் கட்டியிருந்தோம். இளவேர் பிடிக்கும்போது கம்பியை இழுத்து ஆட்டினால் வேர் அறும். 2022 புரட்டாசியில் கட்டினோம், ஆணி அடிக்காமல். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி மரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் கொடுத்துக் கட்டுக்கம்பியால் தளர்வாகச் சுற்றினோம். ஒரு பத்து மரத்தில் மட்டும் அவசரத்துக்கு நேரடியாக ஆணி அடித்திருக்கிறார்கள். அவற்றைப் போய்ப் பார்த்தால், பட்டை உதடு மாதிரி இரண்டு பக்கமும் புடைத்து வந்து முள்கம்பியை விழுங்கியிருக்கிறது. முள்ளின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. அந்தக் கம்பியை இனி வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தழைக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் கதை விடுகிறார்கள். 2023 ஆடியில் பத்து மரத்தைக் கழித்து எடை போட்டதில் மரத்துக்குச் சராசரி மூன்று கிலோ பச்சைத் தழை. மொத்த வேலிக்கும் ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்தால் கால் டன்னுக்குள் அடங்கும். காய்ந்த தழையில் தழைச்சத்து சுமார் மூன்று சதவீதம், ஆக ஏழு கிலோ. யூரியாக் கணக்கில் பதினைந்து கிலோ, ஒரு மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. வருஷம் மூன்று தடவை கழித்தால் ஒரு மூட்டை. உரக்கடைப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் பலா அடியில் அரையடிக்குத் தழை போட்டு மூடிய இடத்தில் கோடையிலும் விரலால் கிளறினால் ஈரம் தட்டுகிறது. மாமாவுக்கு லாபம் யூரியாவில் இல்லை, அங்கேதான். மாசியில் இலையுதிர்ந்த கொம்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது, தேனீயும் வருகிறது. முந்திரிக் காய்ப்பு அதனால் கூடியதா என்று கேட்டால் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிறவர். 2023 பங்குனியில் வந்து சண்டை பிடித்தார். நிழல் விழுகிறது என்பது முதல் புகார். அதைக் கிளை கழித்துச் சரி செய்தோம். "உங்க மரத்துலேர்ந்துதான் அசுவினி வருது" என்பது இரண்டாவது. மாமா அதைப் பொறாமை என்று தள்ளிவிட்டார். நான் போய்ப் பூங்கொத்தைத் திருப்பிப் பார்த்தேன். காம்பு முழுக்கக் கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தது, எறும்பு வரிசை ஏறி இறங்கியது. மல்லாட்டையையும் தட்டைப்பயறையும் தாக்குகிற அதே கறுப்பு அசுவினிதான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதிலிருந்து கிழக்கு ஓரத்து மரங்களை மட்டும் பூக்க விடுவதில்லை, மார்கழிக் கடைசியிலேயே மொட்டை அடித்துவிடுகிறோம். பூ வேண்டுமானால் மற்ற மூன்று பக்கமும் இருக்கிறதே.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் எங்கள் நர்சரியே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதால் தோப்புப் பக்கம் போக ஒரு வாரம் ஆனது. ஐப்பசி முதல் வாரத்தில் மூன்று பக்கம் கழித்திருந்தோம். ஆள் வராததால் தெற்குப் பக்கம் பாக்கி. விழுந்தது பதினொரு மரம், அதில் ஒன்பது தெற்குப் பக்கம். தழைச்சுமையோடு நின்ற மரம், ஊறிய செம்மண், வேறென்ன ஆகும். கல்கால் எதுவும் அசையவில்லை. விழுந்ததில் ஆறை நிமிர்த்தி மிதித்துவிட்டோம், நாலு பிழைத்தது.

விழுந்த ஒரு மரத்தின் அடியை அறுத்து ஆசாரியிடம் கொடுத்தேன். மத்திய அமெரிக்காவில் இந்தக் கட்டையைக் கரையான் தொடாது என்று வீட்டுத்தூணுக்கே போடுவார்கள் என்றேன். அவர் வளையத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வருஷத்துக்கு மூணு தரம் மொட்டை அடிச்சா எங்கேர்ந்துங்க வயிரம் பாயும்? கோடாலிப் பிடிக்குக் கூட ஆவாது." தழையும் கட்டையும் ஒரே மரத்தில் கேட்கக் கூடாதுதான். மூலைக்கு ஒன்றாக நாலு மரத்தைக் கழிக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன், கட்டைக்கு. பத்து வருஷம் கழித்துப் பார்ப்போம். பிரான்ஸ் துண்டை உளிச் சுத்திக்குப் பிடி போடத் தருவீர்களா என்று ஆசாரி இரண்டு தடவை கேட்டுவிட்டார். மாமா தரமாட்டேன் என்கிறார். கதவுக்கு அண்டக் கொடுக்க வேண்டுமாம்.

மிஞ்சிய அந்த ஒரே ரொபீனியாக் கன்று தொட்டிக்கு மாறி, ஊட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறது. தொட்டியிலேயே வை, தரையில் நடாதே என்று சொல்லி அனுப்பினேன். ஒரே வருஷத்தில் ஓர் ஆள் உயரம் வந்துவிட்டது என்று போட்டோ அனுப்பியிருந்தாள்.

மல்லாட்டைக்காரர் போன வாரம் நர்சரிக்கே வந்துவிட்டார். அவர் நிலத்தின் மற்றப் பக்கங்களுக்கு இருநூறு கழி வேண்டுமாம். அசுவினி என்றீர்களே என்றேன். "மொட்டை அடிச்சிட்டா வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். ஐப்பசி முதல் மழைக்கு வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சாணி அவர் வீட்டிலிருந்தே வரட்டும்.